பார் சோப்பும் பெட்ரோல் டேங்கும்

நான் பள்ளியில் படித்த காலத்தில் வல்லத்தில் எங்கள் தெருவுக்கு ஒரே கார், பெரியப்பாவின் அம்பாசிடர். மல்லாட்டை வியாபாரம் அவருக்கு. திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் அதில்தான் போய் வருவார். அப்போது நாம் தென்னார்க்காடு மாவட்டம். விழுப்புரம் மாவட்டம் பிறந்தது 1993-ல்தானே.

இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரைத்தான் இந்துஸ்தான் மோட்டார்ஸ் கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் 1950களின் கடைசியிலிருந்து அம்பாசிடர் என்று செய்து வந்தது. 2014 மே மாதம் அது நின்றுபோனது. அதன் பெட்ரோல் டேங்க் பின்பக்கம், டிக்கிக்கு அடியில். வெளியே கல் தெறித்து அடிபடும். உள்ளே, காற்றின் ஈரம் தண்ணீராகி, பெட்ரோலைவிடக் கனம் என்பதால் அடியில் தங்கித் தகட்டை அரிக்கும்.

1974-ல் பெரியப்பாவின் டேங்க் சொட்ட ஆரம்பித்தது. நேரம் பார்த்துச் சொட்டியது என்றுதான் சொல்ல வேண்டும். முந்தின அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதில், கச்சா எண்ணெய் விலை சில மாதங்களிலேயே நாலு மடங்காகியிருந்தது. வாசலில் சொட்டுக்குக் கீழே கிண்ணம் வைத்துப் பிடித்தோம். கிணற்றடியில் அடுப்பு மூட்டக்கூடாது என்று பெரியம்மாவுக்கு உத்தரவு.

முதலில் தார் வைத்து அடைத்தார் பெரியப்பா. ஒரே ராத்திரியில் கரைந்து வழிந்தது. மெழுகும் அப்படியே. கடைசியில் ஒரு லாரி டிரைவர் சொன்ன யோசனைதான் நின்றது: துணி துவைக்கும் பார் சோப்பை ஓட்டை மேல் அழுத்தித் தேய்ப்பது. தாரும் மெழுகும் எண்ணெய் வகை, பெட்ரோலோடு சேர்ந்துவிடும். சோப்பு தண்ணீரில்தான் கரையும், பெட்ரோலில் கரையாது. இந்தியா முழுக்க டிரைவர்கள் சீட்டுக்கடியில் ஒரு துண்டு 501 சோப்பு வைத்திருந்தது குளிப்பதற்கு மட்டும் அல்ல.

ஆனால் மழைத் தண்ணீர் தெறித்தால் சோப்பு போய்விடும். ஐப்பசிக்குள் நிரந்தரமாக அடைக்க வேண்டும். தெருவில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூச வருகிறவரைக் கூப்பிட்டார்கள். அவர் டேங்கைக் கழற்றி, பெட்ரோலை வடித்து, சோப்புத் தண்ணீர் விட்டு நாலைந்து முறை அலசினார். "வாசனை போற வரைக்கும் நெருப்பு கிட்ட வரக்கூடாது மொதலாளி" என்றார். பிறகு ஓட்டை மேலே பார்க்கும்படி டேங்கைத் திருப்பி வைத்து, அந்த இடத்துக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் ரொப்பினார். தகட்டைச் சுரண்டி, நவச்சாரம் தேய்த்து, தூரத்தில் கரி அடுப்பில் காய்ந்த செம்புக் கோலை எடுத்து வந்து ஈயத்தை உருக்கிப் பற்ற வைத்தார். அரை மணி நேர வேலை. அலசுவதற்குத்தான் பாதி நாள் போனது.

எதற்கு இவ்வளவு தண்ணீர் என்று எனக்கு அப்போது புரியவில்லை. இரண்டு வருஷம் கழித்துப் புரிந்தது. என்னோடு எட்டாவது வரை படித்தவன் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். காலி டேங்க்தானே என்று தண்ணீர் விடாமல் கேஸ் வெல்டிங் வைத்திருக்கிறார்கள். டேங்கைப் பிடித்துக்கொண்டிருந்தவன் அவன்தான். ஒரு கண்ணும் இரண்டு விரலும் போயின.

நிரம்பிய டேங்கைவிடக் காலி டேங்க்தான் ஆபத்து. காற்றில் பெட்ரோல் ஆவி சுமார் 1.4 சதவீதத்திலிருந்து 7.6 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும். வடித்த டேங்கில் மிஞ்சும் ஈரமே அதற்குத் தாராளம். படிக்காத அந்த ஈயக்காரருக்கு இந்தக் கணக்குத் தெரியாது, ஆனால் தண்ணீரை ரொப்பினால் ஆவிக்கு இடம் இருக்காது என்று தெரியும்.

பழைய அம்பாசிடரை இன்னும் கொட்டகையில் வைத்திருக்கும் நண்பர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். சோப்பையும் அது கரைக்கக்கூடியது. பழைய வைத்தியத்தை நம்பி ஊர்ப்பயணம் கிளம்ப வேண்டாம்.

பெரியப்பா அந்தக் காரை 1986-ல் விற்றார். வாங்க வந்தவர் டிக்கிக்கு அடியில் குனிந்து அந்த ஈயப் பற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு ஐநூறு ரூபாய் குறைத்துக் கேட்டார். பெரியப்பா குறைக்கவில்லை.