கருவுக்கு உடல் தந்தோர்



கணினியை ஆளும் பணிசெயல் முறைமையைத் தனியொருவர் வீட்டிலிருந்தே ஆக்கிக்கொள்ளல் கூடுமோ எனச் சிலர் வினவலாம். கூடும். அங்ஙனம் ஆக்கியோரின் கதையே லினக்ஸின் இளமை வரலாறு.

1991ஆம் ஆண்டு செப்தெம்பரில், பின்லாந்தின் எல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் தோர்வால்ட்ஸ் தாம் எழுதிய கருநிரலை வெளியிட்டார். அப்பொழுது அவருக்கு வயது 21. நினைவகம், வட்டு, விசைப்பலகை ஆகியவற்றை ஆளும் அடிப்படைப் பகுதியே கருநிரல் எனப்படும். ஆயினும் அது தனித்துப் பயன்தரவில்லை. அதனை ஆக்குதற்கே, பேராசிரியர் அன்ட்ரூ தனென்பாம் கற்பித்தற்பொருட்டு 1987இல் வெளியிட்ட மினிக்ஸ் முறைமை வேண்டியிருந்தது. கருவில் உயிர் இருந்தது, கைகால்கள் இல்லை.

அக்குறையை நீக்க எச். ஜே. லூ என்பார் இரண்டு நெகிழ்வட்டுகளைத் தொகுத்தளித்தார். ஒன்றிலே கருநிரல்; மற்றையதிலே இன்றியமையாத கட்டளைகளும் கோப்புகளும். முதல் வட்டினால் கணினி விழித்தெழும். இரண்டாவதை இட்டதும் பணிக்கு ஆயத்தமாகும். 1992 பெப்ரவரியில், மான்செஸ்டர் நகரத்துக் கணிப்பு நிலையத்தைச் சார்ந்த ஓவன் லெ பிளாங், வன்வட்டில் எளிதாக நிறுவத்தக்க தொகுப்பொன்றை வழங்கினார். 1993 யூலையில் பற்றிக் வொல்கெடிங்கின் ஸ்லாக்வெயரும், ஓகஸ்டில் இயன் மேர்டொக்கின் டெபியனும் தோன்றின. அவை இரண்டும் இன்றும் வழக்கிலுள்ளன.

இடநெருக்கடியும் அறிவை வளர்த்தது. டெபியனை நிறுவுதற்கும் பழுதுபார்ப்பதற்கும் ஒரே நெகிழ்வட்டுப் போதுமாக வேண்டும் என எண்ணிய புரூஸ் பெரன்ஸ், 1995இல் பிசிபொக்ஸ் என்பதனை எழுதினார். பல கட்டளைகளை ஒரே செய்நிரலுள் அடக்கி, பொதுவான பகுதிகளை அவை பகிர்ந்துகொள்ளுமாறு அமைத்தார். சிறு முறைமைகளை ஆக்குவோர் இன்றும் அதனையே பெரிதும் நாடுவர்.

ஆக்கியதைச் சோதிப்பது எங்ஙனம்? கருநிரல் விழித்ததும் கோப்பு முறைமையை இணைத்துக்கொண்டு, 'இனிற்' என்னும் முதற் செய்நிரலைத் தேடும். அதற்கு வழங்கப்படும் இலக்கம் 1. அது கிடையாவிடின், கருநிரல் தன் கலக்கத்தைத் திரையிலே அறிவித்துவிட்டு அவ்விடத்திலேயே நின்றுவிடும். வேண்டிய கோப்பொன்று இடம் மாறியிருப்பினும் இக்கதி நேரும். அன்று மெய்யான கணினியிலே வட்டை மீண்டும் மீண்டும் இட்டுப் பார்த்தனர். இன்று கியூஎமு போன்ற மென்பொருள், கணினிக்குள்ளேயே வேறொரு கணினியைப் பாவனை செய்து காட்டுவதால், சேதத்துக்கு அஞ்சாது பிழைவிட்டுப் பழகலாம். 1999இல் ஜெராட் பீக்மன்ஸ் தொடக்கிய 'லினக்ஸ் புறம் ஸ்கிராச்' என்னும் நூலும் இப்பணிக்குப் படிப்படியாக வழிகாட்டுகின்றது.

கலை பயின்ற ஆசிரியனாகிய யான் இவ்வரலாற்றிற் கண்டது ஒன்று. எம் மாணவர் கணினியைப் பயன்படுத்த நன்கு பழகியுள்ளனர்; அது நின்றுபோனால் பிறர் வரவை எதிர்பார்த்திருக்கின்றனர். பத்து முறை நின்று, பதினோராம் முறை எழும் ஒரு சிறு முறைமையைத் தம் கையால் ஆக்கிய மாணவன், பழுது எங்கே உளது எனத் தானே தேடத் தொடங்குவான். அத்தேடலுக்கு எம் பாடசாலைகள் சிறிது நேரம் ஒதுக்குமாயின் நன்று.