முதலெழுத்தின் கதை: ஓலைச்சுவடியிலிருந்து கணினி வரை

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மலருக்காகக் கோலார் தங்கவயல் பற்றிக் கட்டுரை எழுதிக் கொடுத்திருந்தேன். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போய்ச் சுரங்கத்தில் இறங்கிய நம் மக்களைப் பற்றியது. மலர் வந்ததும் தம்பி மகளிடம் கொடுத்தேன். பள்ளியில் அவளுக்குக் கன்னடமும் ஆங்கிலமும்தான். தமிழ், வீட்டில் பாட்டி சொல்லிக் கொடுத்தது. எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தாள். "காலார் தங்கவயல்... பெரியப்பா, காலார் எங்க இருக்கு?"

வாங்கிப் பார்த்தேன். முதலெழுத்தைப் பெரிதாக்கி அழகு செய்திருந்தார்கள். மூன்று வரி உயரத்துக்கு 'ே' என்ற இரட்டைக்கொம்பு மட்டும் தனியாக நின்றது. பக்கத்தில் பொடி எழுத்தில் 'காலார்'. முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு, அங்கே பாடுபட்டு 2001-இல் சுரங்கம் மூடியபோது வேலையிழந்த குடும்பங்கள் இந்தப் பக்கத்தைப் பார்ப்பார்களே என்று நினைத்தபோது சிரிப்பு போய்விட்டது. பிழை யாருடையது என்று தேடப்போய்க் கிடைத்த செய்திகளே இக்கட்டுரை.

வந்த வழி

முதலெழுத்தைச் சித்திரமாக்கும் வழக்கம் ஐரோப்பியக் கையெழுத்துச் சுவடிகளில் பிறந்தது. கூட்டன்பர்க் 1455-ஆம் ஆண்டு வாக்கில் விவிலியத்தை அச்சிட்டபோது முதலெழுத்துக்குரிய இடத்தை வெறுமனே விட்டார். ஓவியர்கள் கையால் எழுதி நிரப்பினார்கள். 1457-இல் மைன்ஸ் நகரில் ஃபூஸ்டும் ஷெஃபரும் வெளியிட்ட சங்கீதப் புத்தகத்தில் சிவப்பிலும் நீலத்திலும் முதலெழுத்துக்களே அச்சாகி வந்தன.

நம் ஓலைச்சுவடியில் இந்த வழக்கம் இல்லை. தொடக்கத்தைக் காட்டப் பிள்ளையார் சுழி போதும். அதற்குப் பிறகு சொல்லுக்குச் சொல் இடம் விடாமல், பெரும்பாலும் புள்ளியும் இல்லாமல், எழுத்தாணி ஒரே அளவில் ஓடும். ஆங்கிலத்தைப்போல் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவும் தமிழுக்குக் கிடையாது. 1578-இல் கொல்லத்தில் என்றிக்கே என்றிக்கஸ் பாதிரியாரின் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் அச்சானது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1715-இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். அச்சுக்கலையின் வழியாக ஐரோப்பியப் பக்க அலங்காரமும் நம்மிடம் வந்து சேர்ந்தது.

கையால் அச்சுக்கோத்த காலத்தில் 'கோ'வைப் பெரிதாக்க வேண்டுமென்றால் கொம்பு, ககரம், கால் ஆகிய மூன்றையும் பெரிய அச்சில் எடுக்க வேண்டும் என்பது கம்பாசிட்டருக்குச் சொல்லாமலே தெரியும். அவர் தமிழ் படித்தவர். கணினி படித்ததில்லை.

இலக்கணம் சொல்லும் கணக்கு

தமிழெழுத்து 247. அவற்றில் உயிர்மெய் 216. எ, ஏ, ஐ, ஒ, ஓ, ஔ ஆகிய ஆறு வரிசைகளில் உயிர்க்குறி மெய்க்கு இடப்பக்கம் வந்து நிற்கும். ஆறு பதினெட்டு 108, சரிபாதி!

எல்லா எழுத்தும் சொல்லின் முதலில் வருவதில்லை. தொல்காப்பியர் கணக்குப்படி உயிர் 12-உம் முதலாகும். க, த, ந, ப, ம ஐந்தும் 12 உயிரோடும் வரும்; அவை 60. சகரம் அ, ஐ, ஔ நீங்கலாக 9, வகரம் 8, ஞகரம் 3, யகரம் 1. கூட்டினால் 93. குற்றியலுகரத்தையும் சேர்த்து 94 என்பார்கள். (இந்த விதிப்படி 'சங்கம்' என்ற சொல்லே முதலில் வர முடியாது! பின்னால் வந்த நன்னூலார்தான் சகரத்துக்கு 12 உயிரையும் அனுமதித்து நம்மைக் காப்பாற்றினார்.)

அந்த 93-இல் இடப்பக்கம் கொம்பு வாங்குபவை எத்தனை என்று உட்கார்ந்து எண்ணினேன். நாற்பது. அதாவது அலங்கார முதலெழுத்தில் தடுக்கி விழ நாற்பது இடம் இருக்கிறது. பெங்களூரில் நம் அண்டை மொழியான கன்னடத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கே உயிர்க்குறி மெய்க்கு முன்னால் போய் நிற்பதில்லை.

கணினியில் நடப்பது

1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடியது. அதையொட்டித் தாப், தாம் என்ற குறியேற்றங்கள் தரமாயின. இவையும் இணையத் தமிழர் உருவாக்கிய தஸ்கியும் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுத்தைச் சேமித்தன. 'கோ' என்றால் முதலில் கொம்பு, அடுத்து ககரம், கடைசியில் கால். 'முதல் எழுத்தைப் பெரிதாக்கு' என்றால் கணினி முதல் துண்டைப் பெரிதாக்கியது. காலார் பிறந்த கதை இதுதான். டி.டி.பி. செய்த பிள்ளையின் மேல் குற்றமில்லை.

யூனிகோடில் வரிசை வேறு. ஒலிக்கும் முறைப்படி ககரம் முன், ஓகாரக் குறி பின். தமிழ்நாடு அரசு 2010-இல் இதைத் தரமாக ஏற்றது. ஆனால் இதிலும் 'கோ' இரண்டு குறிதான். விவரமறியாத மென்பொருள் ககரத்தை மட்டும் பெரிதாக்கி, ஓகாரக் குறியை அநாதையாக விட்டுவிடும். இதற்காகவே மெய்யையும் உயிர்க்குறியையும் ஒரே எழுத்தாக எண்ணும் விதியை யூனிகோடு அமைப்பு வகுத்திருக்கிறது. அந்த விதியும் 'ஸ்ரீ'யை ஸ், ரீ என்று இரண்டாகத்தான் எண்ணும். நம் ஸ்ரீராமபுரத்தைப் பற்றி எழுதுபவர்கள் கவனிக்க!

மலர்க்குழுவுக்குச் சில யோசனைகள்

வேர்டில் 'டிராப் கேப்' கட்டளையைக் கொடுக்குமுன் முதலெழுத்து முழுவதையும் நாமே தேர்வு செய்துவிட்டால், தேர்ந்தது அத்தனையும் சேர்ந்து பெரிதாகும். இன்டிசைனில் எத்தனை எழுத்து என்று எண்ணிக்கை கொடுக்கலாம். மூன்று வரி உயரம் போதும். கு, பூ, தூ போன்றவற்றின் கீழ்ப்பகுதி நான்காம் வரியில் இடிக்கும். கி, கீ மேலே முட்டும். அங்கே அளவைச் சற்றுக் குறையுங்கள். 'கௌரவம்' என்று தொடங்கினால் பத்தியில் பாதி அகலம் போய்விடும். சொல்லை மாற்றலாம், இல்லையேல் அலங்காரத்தை விட்டுவிடலாம். ஓலைச்சுவடி அலங்காரமில்லாமல்தானே நம்மிடம் வந்து சேர்ந்தது?

எல்லாம் முடிந்த பிறகு, அச்சுக்குப் போகுமுன், தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஒரு குழந்தையிடம் பக்கத்தைக் கொடுங்கள். நாம் பழக்கத்தில் 'கோலார்' என்றே படித்துத் தாண்டிவிடுவோம். குழந்தை, தாளில் உள்ளதைத்தான் படிக்கும். வெளிமாநிலத்தில் நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் தமிழ்த் தாள் குறைவு. கிடைக்கிற ஒன்றிலாவது கொம்பும் காலும் பிரியாமல் இருக்கட்டும்.

அந்த மலரில் என் பிரதியைப் பேனாவால் திருத்தி வைத்திருக்கிறேன். திருத்தியது நானல்ல, அவள்தான். கொம்பை அடித்துவிட்டு, பக்கத்தில் 'கோ' என்று முழுசாக எழுதியிருக்கிறாள்.