அடைப்பிடமும் அடைக்கலமும்

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். தெரு நாயைப் பிடித்து அடைக்கும் இடத்துக்கு பிரெஞ்சில் ஃபூரியேர் என்பார்கள். தீவனத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது அது. நாதியற்ற பிராணியை வைத்துக் காப்பாற்றும் இடம் ரெஃப்யூழ். பத்து வயதில் எனக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. வாசலில் படுத்திருந்த எங்கள் மணியை ஒரு நாள் நாய் வண்டி பிடித்துப் போயிற்று. அப்பா சங்கிலியை எடுத்துக்கொண்டு சைக்கிளில் போனார். சாயங்காலம் வெறும் சங்கிலியோடு திரும்பினார். அதன் பிறகு எங்கள் வீட்டில் நாய் கிடையாது.

போன மாதம் ஊருக்கு வெளியே உள்ள ஒரு காப்பகத்திலிருந்து ஒரு வயதுச் செவலை ஒன்றை அழைத்து வந்திருக்கிறேன். அதற்கு முன் கொஞ்சம் வரலாறு.

பிரான்சில் 1850 ஜூலை 2 அன்று, ஜெனரல் கிராமோன் என்பவர் கொண்டுவந்த சட்டம் ஒன்று நிறைவேறியது. வீட்டு விலங்குகளைக் கொடுமைப்படுத்தினால் 5 முதல் 15 பிராங்க் அபராதம். ஐந்து நாள் வரை சிறையும் உண்டு. ஆனால் சட்டத்தில் 'பகிரங்கமாக' என்று ஒரு சொல் இருந்தது. நடுத்தெருவில் குதிரையை அடித்தால் குற்றம், கொட்டகைக்குள் அடித்தால் குற்றமில்லை! கோப்புகளோடு காலம் தள்ளியவன் என்பதால் சொல்கிறேன், ஒரே ஒரு சொல் எத்தனையோ பேரைத் தப்பவிடும். அந்தச் சொல் 1959-இல்தான் போயிற்று.

லண்டனில் 1860-இல் மேரி டீல்பி என்ற அம்மையார் ஹாலோவே பகுதியில் தெரு நாய்களுக்கு ஓர் இல்லம் தொடங்கினார். மனிதர்களே பட்டினி கிடக்கும் ஊரில் நாய்க்கு வீடா என்று பத்திரிகைகள் கேலி செய்தன. அவர் 1865-இல் காலமானார். இல்லம் 1871-இல் பாட்டர்சீக்கு மாறி, இன்றும் நடக்கிறது.

நம் பக்கம் கதை வேறு. 1832-இல் பம்பாயில் கம்பெனி அரசு தெரு நாய்களைக் கொல்லச் சொன்னபோது, நாயைப் புனிதமாகக் கருதும் பார்சிகள் கலகமே செய்தார்கள். சென்னையில் கேப்டன் சுந்தரம் 1959-இல் புளூ கிராஸைத் தொடங்கினார். கொல்வதற்குப் பதில் கருத்தடை செய்யுங்கள் என்று அவர்கள் அறுபதுகளிலேயே சொன்னதை நாடு முழுவதற்குமான விதியாக்க 2001 ஆயிற்று. அதன்படி கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடவேண்டும். மணிக்கு அந்த விதி நாற்பது வருடம் தாமதம்.

காப்பகத்துக்கு வருவோம். செவலை கம்பிக் கதவில் முன்னங்கால் வைத்து என் உயரத்துக்கு எழுந்து நின்றது. காது நுனியில் கருத்தடை அடையாள வெட்டு. அங்கிருந்த பெண் தயங்கி, "சார், இது ரொம்பத் துருதுரு. வயசான நாய் ஒண்ணு இருக்கு, சாதுவா இருக்கும், பாக்குறீங்களா?" என்றாள். நாயின் வயதை மட்டும் அவள் கணக்கிடவில்லை என்பது எனக்குப் புரிந்தது. எனக்கு எழுபத்து நான்கு. நாட்டு நாய் பன்னிரண்டு, பதின்மூன்று வருடம் இருக்கும்.

பிறகு ஒரு படிவம் கொடுத்தாள். ஊராருக்கெல்லாம் படிவம் கொடுத்து, 'காலியிடம் விடாதீர்கள்' என்று விரட்டியவன் நான். 'உங்களால் இயலாவிட்டால் பொறுப்பேற்பவர்' என்ற வரியில் என் பேனா நின்றுவிட்டது. மகளுக்கு போன் செய்தேன்.

"இந்த வயசுல எதுக்குப்பா?" என்றாள்.

மணியைப் பற்றி அவளிடம் நான் சொன்னதே இல்லை. அங்கேயே நின்றபடி சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "ஃபார்மை வச்சிருக்கச் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை வந்து கையெழுத்துப் போடறேன்," என்றாள்.

நாய்க்குக் கிராமோன் என்று பெயர் வைத்தேன். பேரன் கிராமு என்கிறான். அது இரண்டுக்கும் திரும்புவதில்லை. சங்கிலிச் சத்தம் கேட்டால் மட்டும் வாசலுக்கு ஓடிவிடுகிறது.