நேரடிப் பற்று முறையின் தோற்றம்

காசோலையாயினும் நிலையியற் கட்டளையாயினும், பணத்தை அசைக்கும் ஆணை செலுத்துவோரிடமிருந்தே பிறத்தல் வங்கித்துறையின் நெடுநாள் மரபு. 1964இல் பிரித்தானியாவில் இம்மரபு மாறத் தொடங்கிற்று.

யூனிலீவர் நிறுவனம் தன் ஐஸ்கிறீமை விற்ற கடைக்காரரிடமிருந்து விற்பனைக்கேற்ப வேறுபடும் தொகைகளைப் பெறவேண்டியிருந்தது. தொகை மாறாக் கொடுப்பனவுகளுக்கே ஏற்ற நிலையியற் கட்டளை இதற்கு உதவவில்லை. அந்நிறுவனத்திற் பணியாற்றிய அலஸ்ரெயர் ஹன்ரன் மாற்றுவழியொன்றை வகுத்தார். வாடிக்கையாளர் ஒருமுறை எழுத்தில் அதிகாரமளிப்பார். அதன்பின் உரிய தொகையை நிறுவனமே அவரது வங்கியிடம் கோரிப் பெறும். 1968இல் வங்கிகள் கூட்டாக நிறுவிய கணனி நிலையம், காகிதத்துக்குப் பதிலாகக் காந்த நாடாக்களைக் கையாண்டு இம்முறை பரவ வழிசெய்தது. பின்னர் ‘பக்ஸ்’ எனப் பெயர்பெற்ற அவ்வமைப்பில், முதல்நாள் அனுப்பப்படும் கோரிக்கை மறுநாள் வங்கிகளைச் சென்றடையும். மூன்றாம் நாள் ஒரு கணக்கிற் பற்றும் மற்றையதில் வரவும் பதிவாகும்.

எனினும், தம் கணக்கின் திறவுகோலைப் பிறரிடம் ஒப்படைக்க மக்கள் தயங்குதல் இயல்பே. அத்தயக்கத்தை நீக்க உத்தரவாதமொன்று வகுக்கப்பட்டது. அதன்படி, தொகையோ திகதியோ மாறின் முன்னறிவித்தல் வேண்டும். தவறாக எடுக்கப்பட்ட பணத்தை வாடிக்கையாளரின் வங்கியே உடனடியாக முழுமையாக மீளளித்து, பின்னர் நிறுவனத்திடம் அறவிடும். அதிகாரத்தை வாடிக்கையாளர் எவ்வேளையும் இரத்துச் செய்யலாம். தவற்றின் சுமையைச் செலுத்துவோர்மீது சுமத்தாத இவ்வேற்பாடே இம்முறை நிலைபெறுதற்கு அடிப்படையாயிற்று.