உண்டியலில் விழுந்த காசு

ஜெர்மனி நாட்டில் ஹாலே நகரத்தை ஒட்டிக் கிளௌகா என்றொரு சிற்றூர் இருந்தது. 1682ஆம் ஆண்டில் கொள்ளைநோய் அவ்வூரைச் சூறையாடிற்று. எஞ்சியவரை வறுமையும் மதுவும் பங்கிட்டுக்கொண்டன. பத்தாண்டுகள் கழித்து, 1692இல், அவ்வூருக்குக் குருவாக வந்து சேர்ந்தார் ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே.

வியாழக்கிழமைதோறும் அவருடைய மனை வாயிலில் ஏழைகள் ரொட்டிக்காகக் கூடுவர். ஒருநாள் அவர் அவர்களை உள்ளே அழைத்துச் சில வினாக்கள் கேட்டார். பிள்ளைகளுக்கு எழுத்தறிவும் இல்லை. தம் சமயத்தைப் பற்றிய அறிவும் இல்லை. ரொட்டி அன்றைய பசியைத் தீர்க்கும், அதற்குமேல் ஒன்றும் செய்யாது என்பதை அவர் உணர்ந்தார். பள்ளிச் சம்பளத்திற்கென்று காசு கொடுத்துப் பார்த்தார். காசு சென்றதே ஒழியப் பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லவில்லை.

1695ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தம் இல்லத்தில் ஓர் உண்டியலை வைத்தார். ஈஸ்டர் திருநாளை ஒட்டி ஒருவர் அதில் 4 தாலரும் 16 குரோஷனும் ஒருசேர இட்டார். பெருஞ்செல்வமன்று, ஆயினும் பிராங்கே அதனைப் பெரிய மூலதனமாகவே கருதினார். அன்றே 2 தாலருக்குப் புத்தகங்கள் வாங்கினார். நாள்தோறும் இரண்டு மணி நேரம் கற்பிக்க ஏழை மாணவர் ஒருவரை அமர்த்தினார். புத்தகங்களைப் பெற்றுச் சென்ற பிள்ளைகளிற் பலர் திரும்பி வரவில்லை, புத்தகங்களும் திரும்பவில்லை. நம்மில் பலர் அந்த இடத்திலேயே, "இவர்களுக்கு உதவி செய்து பயனில்லை" என்று உண்டியலை மூடியிருப்போம். அவரோ மறுபடியும் புத்தகங்கள் வாங்கி, இம்முறை அவற்றைப் பள்ளியிலேயே வைத்துக்கொண்டார்.

1698இல் அநாதைப் பிள்ளைகளின் இல்லத்திற்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. 1727இல் பிராங்கே மறைந்தபொழுது அவருடைய பள்ளிகளில் 2,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் பயின்றுகொண்டிருந்தனர். கொடையை மட்டும் நம்பி அவர் இதனை நடத்தவில்லை. மருந்துச்சாலையும் அச்சகமும் புத்தகசாலையும் வைத்துப் பொருள் ஈட்டினார் என்பதையும் மறவாமற் சொல்ல வேண்டும். அந்த இல்லத்தின் வரலாற்றை 1701 முதல் அவர் அச்சிட்டு வெளியிட்டார். ஆனால் அந்த முதற்கொடையை அளித்தவரின் பெயர் அந்நூலில் இல்லை. 'ஒருவர்' என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

அந்த ஹாலேயோடு நம் நாட்டிற்கும் தொடர்பு உண்டு. அங்குப் பயின்ற சீகன்பால்கு ஐயர் 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அவரும் உடன்பணியாளரும் எழுதிய கடிதங்களை ஹாலே 1710 முதல் அச்சிட்டது. அவற்றைப் படித்த ஐரோப்பியர், தாம் ஒருபோதும் காண இயலாத தமிழ்ப் பிள்ளைகளின் பள்ளிகளுக்குப் பொருள் அனுப்பினர். ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713இல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தன.

கிறிஸ்தவ மறையில் ஈகையைப் பற்றி இரண்டு செய்திகள் உள. எருசலேம் ஆலயத்துக் காணிக்கைப் பெட்டியில் ஏழைக் கைம்பெண் ஒருத்தி இரண்டு சிறு காசுகளை இட்டாள். செல்வர் இட்ட அனைத்தினும் அதுவே மிகுதி என்றார் இயேசு. அவர் நோக்கியது இட்ட தொகையையன்று, இட்டபின் அவளிடம் எஞ்சியதை. மற்றொன்று, வலக்கை செய்வதை இடக்கை அறியலாகாது என்னும் கருத்து. இங்கேதான் ஓர் இக்கட்டு எழுகின்றது. பிள்ளைகளுக்காகத் திரட்டிய பொருளுக்குக் கணக்கு வேண்டும். கணக்கில் பெயர் ஏறினால் ஈகை விளம்பரமாகின்றது. பெயரும் கணக்கும் இரண்டும் மறைந்தால், அநாதைப் பிள்ளையின் சோறு எவர் கையில் போகும் என்று சொல்ல முடியாது.

இந்த இக்கட்டுக்கு ஒருவர் கண்ட வழியை மாணவ நேயர்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன். ஜார்ஜ் முல்லர் என்பவர் இளமையில் திருட்டும் பொய்யுமாகத் திரிந்தவர். ஹாலேயில் மாணவராக இருந்தபொழுது பிராங்கேயின் இல்லத்தில் சில காலம் இலவசமாகத் தங்கினார். பின்னர் இங்கிலாந்து சென்று, பிராங்கேயின் வரலாற்றைப் படித்து எழுச்சியுற்று, 1836இல் பிரிஸ்டல் நகரில் அநாதை இல்லம் ஒன்றைத் தொடங்கினார். 1870இல் அது ஐந்து பெருங்கட்டடங்களில் 2,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு இடமளித்தது. எந்த மனிதரிடமும் பொருள் கேட்பதில்லை, இறைவனிடம் மட்டுமே கேட்பது என்பது அவர் விரதம். ஆண்டறிக்கை வெளியிடுவதும் ஒருவகையில் கேட்பதே அல்லவா என்று ஒருவர் வினவலாம். அவ்வினாவில் நியாயம் இருப்பதாகவே நான் எண்ணுகின்றேன். ஆயினும் அவ்வறிக்கைகளைப் புரட்டினால் வியப்பே மிஞ்சும். சில்லறைக் காசு, பழைய மோதிரம், வெள்ளிக் கரண்டி ஒவ்வொன்றும் அங்கே வரவு வைக்கப்பெற்றிருக்கும்; கொடுத்தவர் பெயர் மட்டும் இராது. கணக்கு ஊரறிய, பெயர் மறைவாக!

ஆண்டுதோறும் அவ்வறிக்கைகளில் பெயரில்லாத கொடையாளர் ஒருவர், இறைவனின் ஊழியர் என்ற அளவில், இடம்பெற்று வந்தார். 1898இல் முல்லர் காலமானார். அதன் பின்னரே உலகம் உண்மையை அறிந்தது: அந்த ஊழியர் முல்லரே. அவர் இவ்வாறு கொடுத்தது 80,000 பவுனுக்கு மேல். அவர் விட்டுச்சென்ற உடைமையின் மதிப்போ, வீட்டுச் சாமான்களையும் சேர்த்து, 200 பவுனுக்கும் குறைவு.