கண்ணால் காண்பதும் பொய்: வி.ஆர். கண்ணாடி வாங்கலாமா?



சென்ற பள்ளி விடுமுறைக்குச் சில நாள்களுக்கு முன், செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு தந்தை என்னைப் பார்க்க வந்தார். "சார், பையன் ராத்திரி பகலா கேட்டுக்கிட்டே இருக்கான். முகத்துல மாட்டிக்கிட்டு கேம் விளையாடுற கண்ணாடியாம். ஆயிரம் வெள்ளிக்கு மேல ஆகுமாம். வாங்கிக் கொடுக்கலாமா, வேணாமா, நீங்களே சொல்லுங்க" என்றார்.

சட்டென்று பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஒரு வாரம் கொடுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டு, அந்தக் கண்ணாடியின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். இதே கேள்வி உங்களில் பலர் வீட்டிலும் இருக்கும் என்பதால், படித்ததை உங்கள் முன் வைக்கிறேன்.

வி.ஆர். என்றால் விர்சுவல் ரியாலிட்டி. தமிழில் மெய்நிகர் உலகம் என்கிறோம். இந்தக் கண்ணாடிக்குள் வலக் கண்ணுக்கு ஒரு படம், இடக் கண்ணுக்குச் சற்றே மாறுபட்ட இன்னொரு படம் தெரியும். நம் மூளை இரண்டையும் ஒன்றாக்கி, ஆழமும் தூரமும் உள்ள ஓர் இடமாகக் காட்டும். தலையைத் திருப்பினால் காட்சியும் கூடவே திரும்பும். உட்கார்ந்திருப்பது நம் வீட்டு ஐந்தடியில். கண்ணுக்குத் தெரிவதோ மலையும் கடலும்! "கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? ஆகவே, தீர விசாரிப்போம்.

பழைய சரக்குத்தான்

மாணவர்களே, ஒரு விரலை மூக்குக்கு நேரே நீட்டுங்கள். ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பிறகு அதைத் திறந்து மறு கண்ணை மூடிப் பாருங்கள். விரல் இடம் விட்டு இடம் தாவுகிறதல்லவா? இரு கண்ணும் ஒரே பொருளை இரு விதமாகக் காண்கின்றன. இந்த உண்மையைக் கொண்டு, இரண்டு ஓவியங்களையும் இரண்டு நிலைக்கண்ணாடிகளையும் வைத்து, ஆழம் தெரியும் கருவி ஒன்றை 1838இல் சார்ல்ஸ் வீட்ஸ்டன் என்ற ஆங்கிலேய அறிஞர் உலகுக்கு அறிவித்தார். அதன் பெயர் ஸ்டீரியோஸ்கோப்.

1851இல் லண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சியில், வில்லைகள் பொருத்திய சிறு பெட்டியாக அது வைக்கப்பட்டபோது விக்டோரியா மகாராணியே வியந்து பார்த்தார். 1854இல் லண்டனில் இதற்கென்றே ஒரு நிறுவனம் தோன்றியது. இந்தக் கருவி இல்லாத வீடே இருக்கக் கூடாது என்பது அதன் விளம்பர முழக்கம். இன்றைய விளம்பரமும் இதைத்தானே சொல்கிறது!

தலையைத் திருப்பினால் படமும் திரும்ப வேண்டுமானால் கணினி வேண்டும். 1968இல் அமெரிக்காவின் ஐவன் சதர்லண்ட் தம் மாணவர்களோடு சேர்ந்து அதையும் செய்து காட்டினார். தலையின் அசைவை அளக்கும் பகுதி கனமாக இருந்ததால், அதைக் கூரையிலிருந்து தொங்கவிட்டார்கள். அதில் தெரிந்ததோ வெறும் கோடுகளால் ஆன உருவங்கள். ஆனாலும் இன்றைய கண்ணாடிக்கு அதுதான் தாத்தா.

ஒரு தோல்வியின் பாடம்

1995இல் ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 'வர்ச்சுவல் பாய்' என்ற கருவியை விற்பனைக்கு விட்டது. அமெரிக்காவில் அதன் விலை 180 டாலர். மேசைமேல் நிறுத்தி, குனிந்து உள்ளே பார்த்து விளையாட வேண்டும். தெரிந்த நிறம் சிவப்பு மட்டுமே. கழுத்து வலி, கண் வலி, தலைவலி என்று முறையிட்டவர்கள் பலர். உலகம் முழுதும் ஏறத்தாழ 7 இலட்சத்து 70 ஆயிரம் கருவிகள்தாம் விற்றன. மொத்தம் 22 விளையாட்டுகள் வெளிவந்தன. ஓராண்டுக்குள் கதை முடிந்தது. வாங்கியவர் கையில் கருவி இருந்தது. அதில் போட்டு விளையாடப் புதிய ஆட்டம் வரவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அதை உருவாக்கிய குன்பெய் யோகோயி சாதாரண மனிதரல்லர். 1989இல் வந்த 'கேம் பாய்' என்ற கைக்கருவியும் அவர் குழுவின் படைப்புத்தான். அதற்கு வண்ணத் திரை இல்லை. ஆனால் மலிவு, சட்டைப்பையில் வைக்கலாம், ஆட்டங்கள் ஏராளம். பின்னால் வந்த வண்ணக் கேம் பாயையும் சேர்த்து அது 11 கோடிக்கு மேல் விற்றது. ஒரே மனிதர், ஒரே நிறுவனம். ஒன்று வென்றது, மற்றது வீழ்ந்தது. புதுமை இருந்தால் மட்டும் போதாது என்பது இதிலிருந்து விளங்கும்.

மறுபிறப்பு

பிறகு கைத்தொலைபேசி வந்தது. அதனால் சிறிய, தெளிவான திரைகளும் அசைவை உணரும் நுண்கருவிகளும் மலிவாயின. 2012இல், இருபது வயதுகூட நிரம்பாத பால்மர் லக்கி என்ற அமெரிக்க இளைஞர், 'ஓக்குலஸ் ரிஃப்ட்' கண்ணாடிக்காகப் பொதுமக்களிடம் நிதி திரட்டினார். 24 இலட்சம் டாலர் சேர்ந்தது. 2014இல் பேஸ்புக் நிறுவனம் அதைச் சுமார் 200 கோடி டாலருக்கு வாங்கியது.

2016இல் ரிஃப்ட் கடைக்கு வந்தபோது விலை 599 டாலர். அதுவும் கண்ணாடிக்கு மட்டும். அதை இயக்கச் சக்திவாய்ந்த கணினி தனியே வேண்டும். 2019இல் கணினியே வேண்டாத 'குவெஸ்ட்' 399 டாலருக்கு வந்தது. 2020இல் 'குவெஸ்ட் 2' 299 டாலருக்கு வந்தது. அதையும்விட வேகமான 'குவெஸ்ட் 3எஸ்' 2024இல் அதே 299 டாலருக்கு வந்தது. பதறாமல் பொறுத்திருந்தவனுக்குக் குறைந்த விலையில் நல்ல பொருள் கிடைத்தது. பதறாத காரியம் சிதறாது என்பது இதுதான்.

நல்ல ஆட்டங்களும் வந்தன. இசைக்கேற்பக் கை வீசிக் கட்டைகளை வெட்டும் 'பீட் சேபர்', 2020இல் வந்த 'ஹாஃப் லைஃப் அலிக்ஸ்' ஆகியவற்றை விளையாடியவர்கள் மெச்சினார்கள். ஆகவே "இதெல்லாம் ஏமாற்று வேலை" என்று பிள்ளையை விரட்ட வேண்டாம். பொருள் உண்மையிலேயே நல்ல பொருள்தான்.

ஆனால் யோசிக்க வேண்டியவை

முதலாவது, ஆயுள். கூகுள் 2016இல் கொண்டுவந்த 'டேட்ரீம்' 2019இலேயே கைவிடப்பட்டது. மைக்ரோசாஃப்டின் விண்டோஸை நம்பி 2017இல் பல நிறுவனங்கள் செய்து விற்ற கண்ணாடிகளுக்கு, 2024இல் வந்த விண்டோஸ் 11 பதிப்பில் இடமில்லாமல் போயிற்று. 2019இல் வந்த முதல் குவெஸ்டுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பும் 2024இல் நின்றது. பேஸ்புக்கின் இன்றைய பெயர் மெட்டா. இந்தக் கண்ணாடிகளைச் செய்யும் அதன் பிரிவு 2024இல் மட்டும் 1,700 கோடி டாலருக்கு மேல் நட்டம் கண்டது. நட்டத்தில் ஓடும் கடை எத்தனை நாள் மலிவாய் விற்கும்? பழைய கண்ணாடி மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குபவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, உடம்பு. காட்சி ஓடும்போது "நான் போகிறேன்" என்கிறது கண்; "இல்லை, இருந்த இடத்திலேயே இருக்கிறாய்" என்கிறது உட்காது. இந்தச் சண்டையில் தலை சுற்றும், குமட்டும். நின்ற இடத்தில் கை வீசும் ஆட்டத்தில் இது குறைவு. கார் ஓட்டும் ஆட்டத்தில் அதிகம். வயதும் உண்டு: 10 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு வேண்டாம் என்கிறது மெட்டா, 12க்குக் குறைந்தவர்க்கு வேண்டாம் என்கிறது பிளேஸ்டேஷன் கண்ணாடி செய்யும் சோனி.

மூன்றாவது, இடம். நடமாடி விளையாட இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் வெற்றிடம் வேண்டும். நாற்காலியும் சாமி மேடையும் தையல் இயந்திரமும் உள்ள நம் வீட்டு முன்கூடத்தில் அது எங்கே இருக்கிறது?

நான்காவது, காசு. 2025இல் நம் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி ஆக்கப்பட்டது. 299 டாலர் என்றால் ஆயிரம் வெள்ளியைத் தாண்டும். அரை மாதத்துக்கும் மேலான வியர்வை அது. ஆட்டங்களுக்குத் தனியே பணம் கட்ட வேண்டும்.

நான் சொன்ன பதில்

ஒரு வாரம் கழித்து அந்தத் தந்தையிடம் இப்படிச் சொன்னேன்: "அண்ணே, வீட்டில் படிப்புக்கு ஒரு கணினி இல்லையென்றால் முதலில் அதை வாங்குங்கள். கண்ணாடி ஓடிப்போகாது. விடுமுறையில் பையனைப் பட்டணத்துக் கூட்டிப்போய், காசு கொடுத்து விளையாடும் இடத்தில் ஒரு மணி நேரம் விளையாட விடுங்கள். தலை சுற்றாமல், மறுமாதமும் அதே ஆசை இருந்தால், அப்போது இன்னும் பல ஆண்டு ஆதரவு உள்ள புதுக் கண்ணாடியாகப் பார்க்கலாம்."

கூட்டிப் போனார். கட்டை வெட்டும் ஆட்டத்தில் பையன் துள்ளிக் குதித்தானாம். கார் ஆட்டத்தில் ஏறிய சிறிது நேரத்தில் "அப்பா, கழட்டுங்க" என்று உட்கார்ந்துவிட்டானாம். இப்போது அவன் உண்டியலில் காசு சேர்க்கிறான். கணினிக்கா, கண்ணாடிக்கா என்று கேட்டேன். "இன்னும் முடிவு பண்ணலே சார்" என்றான்.

அவன் முடிவு பண்ணட்டும். பெற்றோர்களே, பிள்ளை ஒரு பொருளைக் கேட்டால் "முடியாது" என்ற ஒரே சொல்லால் வாயை அடைக்காமல், அதன் விலையையும் வரலாற்றையும் அவனோடு உட்கார்ந்து பாருங்கள். மாணவர்களே, அப்பாவிடம் கேட்கும்முன் நீங்களும் தீர விசாரியுங்கள்.