லபா சொசே: டக்காரில் ஒலித்த ஸ்பானியக் குரல்

மேற்கு ஆப்பிரிக்காவின் சல்சா பாடகர்களைப் பற்றிப் பேசுவோர், கடல் கடந்து போன தாளம் தாய்வீடு திரும்பியது என்று கூறி முடித்துவிடுவது வழக்கம். அடிமைக் கப்பல்களில் கியூபாவுக்குச் சென்ற ஆப்பிரிக்கத் தாளங்கள் அங்கே ஸ்பானியப் பாட்டுடன் கலந்தன, எச்.எம்.வி. நிறுவனம் 1933 முதல் வெளியிட்ட 'ஜி.வி.' வரிசை இசைத்தட்டுகளின் வழியே மீண்டும் ஆப்பிரிக்கத் துறைமுகங்களை அடைந்தன. உண்மைதான். ஆயினும் லபா சொசேயின் வாழ்வை விளக்க இது நமக்குப் போதவில்லை.

1943இல் காம்பியாவின் பாத்தர்ஸ்ட் நகரில் (இன்றைய பஞ்சூல்) பிறந்தவர் சொசே. அது ஆங்கிலேயர் ஆண்ட ஊர். இளமையில் அவர் வந்துசேர்ந்த டக்காரோ பிரெஞ்சுக்காரர் ஆண்ட நகரம். செனகல் விடுதலை பெற்ற 1960ஆம் ஆண்டையொட்டி, இப்ரா காசே தமது 'மயாமி' இரவு விடுதிக்காக ஸ்டார் பேண்ட் குழுவை உருவாக்கியிருந்தார். அக்குழுவில் சொசே பாடியது ஆங்கிலத்திலன்று, பிரெஞ்சிலுமன்று, ஸ்பானியத்தில். ('சல்சா' என்ற பெயரே அப்போது புழக்கத்தில் இல்லை, அது எழுபதுகளில் நியூயார்க்கில் பரவிய பெயர்.) டக்காரில் அம்மொழி எவர் வீட்டிலும் பேசப்பட்டதன்று. பாடகர்கள் இசைத்தட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு ஒலிகளை மனனம் செய்தார்கள். இதை வெறும் போலச்செய்தல் என்று நாம் கருதவில்லை. நேற்றுவரை தம்மை ஆண்டவனின் மொழியில் பாடாமலே நவீன நகரவாசியாக இருக்கமுடியும் என்பதை அந்த இளைஞர்கள் கியூப இசையில் கண்டுகொண்டார்கள் என்றே தோன்றுகிறது.

நைஜீரிய சாக்ஸபோன் கலைஞர் டெக்ஸ்டர் ஜான்சன் பிரிந்து சென்று சூப்பர் ஸ்டார் குழுவைத் தொடங்கியபோது சொசேயும் அதில் பாடினார். பின்னர் அபிஜான், 1980ஐ ஒட்டி நியூயார்க்கில் கியூபப் பாடகர் மொங்கீத்தோவுடன் ஒலிப்பதிவு. கியூபத் தாளத்தின் மீது 'சேனி', 'அமினாதா' என்று செனகாம்பியப் பெண்பெயர்கள் ஏறின.

இதற்கிடையே டக்காரில் காற்று திசைமாறியிருந்தது. எழுபதுகளில் அதே ஸ்டார் பேண்டில் பாடிய யூசு ந்தூர், பின்னர் சபார் மேளத்தையும் வோலோஃப் மொழியையும் முன்னிறுத்தி ம்பலாக்ஸ் இசையை வளர்த்தெடுத்தார். சொசேயின் தலைமுறை பாடிய இசை, முந்தைய காலத்தவரின் ரசனையாயிற்று. ம்பலாக்ஸின் தன்மானம் நியாயமானது. அதற்காக ஸ்பானியத்தில் பாடியவர்களைத் தன்மானமற்றவர்கள் என்பது அநியாயம். 1990களில் ஆஃப்ரிகாண்டோ குழு செனகல் பாடகர்களை நியூயார்க் இசைஞர்களோடு இணைத்தபோது, வோலோஃபில் பாடிய சல்சா உலகெங்கும் செவிமடுக்கப்பட்டது. அந்த வழியைச் சமைத்தவர்களுள் சொசே முதன்மையானவர்.

2007 செப்டம்பர் 20 அன்று, டக்காரில் அவர் காலமானார்.